பாதம் வைத்த தவளை

அமெரிக்கா
ஜூன் 4, 1973

அன்புள்ள அண்ணாவுக்கு, அரவிந்தவல்லியின் நமஸ்காரம்.

நீ கப்பலில் அனுப்பிய தவளைப் பெட்டி நேற்று மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு ஜாடியும் உடையவில்லை. ஜாடிகளைச் சுற்றி நீ வைத்திருந்த பழைய வேட்டித் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஸ்பிரிட் நாற்றம்தான் அடித்தது. வேறு என்ன எதிர்பார்த்தேனோ தெரியவில்லை.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். பனாமாவிலிருந்து கொண்டுவந்த விஷத் தவளைகளை எண்ணி முடிப்பதற்குள் எங்கள் மியூசியப் பெரியவர் இன்னொரு வேலையைத் தலையில் கட்டிவிட்டார். ஆசியாவில் உள்ள சின்ன வாய்த் தவளைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் அட்டவணை அச்சாகப் போகிறது. எந்தப் பெயர் தனி இனமாக நிற்கும், எது விழும் என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜனவரி கடைசியில் அச்சுக்குப் போகிறது.

அதில் உன் தவளையும் வருகிறது. நாலு வருஷம் முன்பு நீ புது இனம் என்று அறிவித்து, மன்னியின் பெயரால் லத்தீனில் ‘செங்கமலே’ என்று பெயர் வைத்தாயே, அது. உன் கட்டுரையை மறுபடி வாசித்தேன். திருப்பாச்சூர் குளத்துத் தவளைக்குக் கண்களுக்கு நடுவே வளைந்த கோடு, நம் வடகலை நாமம் போல. கும்மிடிப்பூண்டி ஏரித் தவளைக்கு அதே கோடு, ஆனால் அடியில் மூக்குவரை இறங்கும் ஒரு பாதம், தென்கலை நாமம் போல. பாதம் வைத்தது புது இனம் என்று எழுதியிருக்கிறாய்.

அண்ணா, ஸ்பிரிட்டில் கிடந்து கோடெல்லாம் வெளுத்துப் போயிற்று. எலும்பை அளந்தேன், விரல் நடுவே உள்ள சவ்வைப் பார்த்தேன், வாயைத் திறந்து பார்த்தேன். ஜாடியில் ஒட்டிய சீட்டை மறைத்துவிட்டால் எது எந்த ஊர்த் தவளை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ உயிரோடு பார்த்தவன். அந்தக் கோட்டைத் தவிர வேறு ஏதாவது வித்தியாசம் உண்டா? நடுவாந்தரமாக ஏதாவது கண்ணில் பட்டதா? கோபிக்காமல் எழுது.

உன் தங்கை,
அரவிந்தவல்லி

*

திருவள்ளூர்
ஜூன் 27, 1973

சிரஞ்சீவி அரவிந்தவல்லிக்கு,

ஆசீர்வாதம் என்று தொடங்க வேண்டும். எழுதிவிட்டதாக வைத்துக்கொள்.

கோபிக்காதே என்று எழுதுகிறவர்கள் கோபம் வரும்படி என்ன எழுதினோம் என்று தெரிந்துதான் எழுதுகிறார்கள். அண்ணனிடம் பள்ளிக்கூடப் பையனிடம் கேட்பதுபோல் கேட்டிருக்கிறாய். வேறு வித்தியாசம் உண்டா என்றால், எனக்கு அந்தக் கோடு போதும். விவரம் தெரிந்த நாள் முதல் இந்த ஊரில் நெற்றியைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்டவன் நான். குளக்கரையில் எதிரே வருகிறவரின் முகம் தெரிவதற்கு முன்னால் எந்தக் கலை என்று சொல்லிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை. வளைவோடு நிற்பது வேறு, பாதத்தோடு இறங்குவது வேறு. உன் மியூசியத்தில் வெள்ளைக்காரர்களுக்கு இது விளங்காது. உனக்குமா?

நடுவாந்தரமாக ஒன்றும் இல்லை. அரைகுறையாக இருந்தவை அடிபட்டவை. அவற்றை நான் ஜாடியில் போடவில்லை.

என் நிலைமை உனக்குத் தெரியும். கல்லூரியில் இந்த வருஷமும் கரப்பான் பூச்சியை அறுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். துறைத் தலைவர் நாற்காலி இரண்டாம் முறையும் என்னைத் தாண்டிப் போயிற்று. வந்து உட்கார்ந்தவன் என்னிடம் படித்தவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு தவளைதான் இருக்கிறது. அதுகூட என் பெயரில் இல்லை. அவள் பெயரில் இருக்கிறது. இருந்தபோது நான் அவளுக்கு என்ன செய்தேன்? ஒரு பட்டுப்புடவைகூட அவள் கேட்ட நிறத்தில் வாங்கித் தரவில்லை.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அந்த அட்டவணையில் என் வரியை அப்படியே விட்டுவிடு. கும்மிடிப்பூண்டித் தவளையைப் பற்றி உலகத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

தேவராஜன்

*

அமெரிக்கா
ஜூலை 19, 1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சில நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். பதில் எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முதலில் தவளை. பனாமாக் கரையை ஒட்டிச் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு விஷத் தவளை. ஒரு தீவில் குங்குமச் சிவப்பு, கால் மட்டும் நீலம். படகில் அரை மணி போனால் அடுத்த தீவில் அதுவே பச்சை. அதற்கடுத்ததில் மஞ்சள், மேலே கறுப்புப் புள்ளி. முதலில் பார்த்தவர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். பிறகு கூப்பிடும் குரலைக் கேட்டார்கள், ஒரே குரல். கண்ணாடித் தொட்டியில் சிவப்பையும் பச்சையையும் சேர்த்து வைத்தார்கள். குடும்பம் நடத்தின, குஞ்சும் பொரித்தன. எல்லாம் ஒரே இனம். அந்தத் தவளைக்கு நிறம்தான் உயிர். என்னைத் தின்னாதே, விஷம் என்று பறவைக்குச் சொல்வது அதுதான். அதிலேயே இவ்வளவு மாறும் என்றால், நம் ஏரியில் சேற்று நிறத்தில் ஒளிந்துகொண்டிருக்கிற ஒன்றுக்கு நெற்றிக் கோட்டில் என்ன இருக்கிறது?

இப்போது மன்னி. நீதான் பேச்சை எடுத்தாய், அதனால் எழுதுகிறேன்.

மன்னி நம் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. தென்கலை வீட்டுப் பெண். அப்பா தன் சிநேகிதரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார், அம்மா அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. சமைக்கத் தளிகை உள்ளுக்குள் மன்னியை விடவே இல்லை. “அவா வேற, நாம வேற” என்று அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பின்கட்டில் தனி அடுப்பு போட்டுக் கொடுத்தாள். ஒரு வீட்டில் இரண்டு ரசம் கொதித்தது. நான் இரண்டையும் சாப்பிட்டவள். இரண்டும் ஒரே ரசம்தான், மன்னியுடையதில் மிளகு கொஞ்சம் கூட. நீ அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கல்லூரிக்குப் போவாய்.

மன்னி போய், அம்மாவும் போன பிறகு, பாதம் வைத்த தவளையைக் கண்டுபிடித்து, அதற்கு மன்னி பெயரை வைத்து, இது வேறு இனம் என்று உலகத்துக்கே அறிவித்தாய். மரியாதை செய்வதாகத்தான் நினைத்திருப்பாய். எனக்கு அதை அச்சில் பார்த்தபோது, பின்கட்டு அடுப்பை லத்தீனில் எழுதி வைத்துவிட்டாயே என்றிருந்தது.

மழைக்காலத்தில் பாதம் வைத்த ஒரு ஜோடியைப் பிடித்து வளர்த்துப் பார். நீ சொல்வது சரியானால் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் பாதம் இருக்கும். அப்படியானால் மன்னி பெயரை நானே தடித்த எழுத்தில் போடுகிறேன்.

அரவிந்தவல்லி

*

திருவள்ளூர்
ஆகஸ்ட் 11, 1973

அரவிந்தவல்லிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

நம் வீட்டில் எந்த அடுப்பில் யார் சமைத்தார்கள் என்பதற்கும் விலங்கியலுக்கும் சம்பந்தம் இல்லை. நான் தவளை வளர்க்கப் போவதில்லை. எனக்கு வயதாகிவிட்டது, தண்ணீர் மாற்ற ஆளில்லை. கும்மிடிப்பூண்டி ஏரியும் இனி ரொம்ப நாள் இருக்காது. சுற்றிலும் கல் நட்டிருக்கிறார்கள், தொழிற்சாலைகள் வரப்போகின்றனவாம். ரயிலில் போகும்போது பார்த்தேன். மேற்குக் கரையில் பாதிவரை சிவப்பு மண் கொட்டியாகிவிட்டது.

உனக்கு எது சரி என்று தோன்றுகிறதோ எழுதிக்கொள். இனிமேல் இது விஷயமாக எனக்கு எழுத வேண்டாம்.

தே.

*

அமெரிக்கா
செப்டம்பர் 15, 1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். உனக்கு எழுதாமல் நான் வேறு யாருக்குத் தமிழில் எழுதுவது?

சொன்னதை வாபஸ் வாங்கப் போவதில்லை. சொன்ன விதத்துக்கு வருத்தப்படுகிறேன். அன்று பகல் முழுக்க லென்ஸில் பார்த்துவிட்டுக் கண் எரிச்சலோடு உட்கார்ந்து எழுதினேன். இங்கே இலை பழுக்கத் தொடங்கிவிட்டது. குளிர் வருவதற்கு முன்னாலேயே எனக்கு அலுத்துப்போயிற்று.

பெரியவரிடம் போய், அந்த ஒரு பக்கத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், என் அண்ணனுடைய தவளை, என்னால் நியாயமாகப் பார்க்க முடியாது என்றேன். அவர் சிரித்துவிட்டு, வேறு யாரும் அந்தத் தவளையைப் பார்த்ததுகூட இல்லை, நீயே முடி என்று சொல்லிவிட்டார். நான் பொய் எழுத மாட்டேன் அண்ணா. உன் பெயரை வெட்டுகிற கை என்னுடையதாக இருக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன்.

ஒன்று உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஒரு முறை அச்சில் வந்த பெயரை யாரும் அழிப்பதில்லை. அது தனி இனம் இல்லை என்று ஆனாலும், எந்த இனத்தில் சேர்ந்ததோ அந்தப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் நிற்கும். இதுவும் அதுவே என்று அர்த்தம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் விழுந்த பெயர்கள்கூட அப்படி நின்றுகொண்டிருக்கின்றன. அட்டவணையைத் திறக்கிறவன் ஒவ்வொருவனும் அதையும் வாசித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவான்.

மழை தொடங்கிவிட்டதா? இரவில் மூச்சு வாங்குகிறதா? மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்.

அரவிந்தவல்லி

*

திருவள்ளூர்
நவம்பர் 9, 1973

சிரஞ்சீவி அரவிந்தவல்லிக்கு ஆசீர்வாதம்.

உனக்காகப் போகவில்லை. ஏரியை மூடுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

மூன்று நாள் மழை விட்ட அன்று சாயங்காலம். மெட்ராஸ் போய் வேறு ரயில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி நடந்தேன். ஏரி என்று சொல்வதற்கில்லை. மண் மேட்டுக்கு நடுவே ஒரு பெரிய பள்ளம், அதில் முழங்கால் தண்ணீர். காவலுக்கு ஒருவர் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துலுக்காணம் என்று பெயர். பழவேற்காட்டுப் பக்கம், வலை போட்டுக்கொண்டிருந்த குடும்பம், இப்போது இங்கே சம்பளத்துக்கு வந்திருக்கிறார். இரும்பு திருட வந்தவன் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். டார்ச்சை என் முகத்தில் அடித்து, “யாரு அது, இன்னா வோணும்?” என்றார். தவளை வேண்டும் என்றேன். சாராய வாடை வருகிறதா என்று கிட்டே வந்து பார்த்தார்.

வாத்தியார் என்று தெரிந்ததும் மனசு இளகிவிட்டது. “இந்தச் சேத்துல எறங்கினா நீ விய்ந்துடுவ சார். மேலயே நில்லு” என்று சொல்லிவிட்டு அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் கரையிலிருந்து நெற்றியைப் பார்த்துப் பார்த்து இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து முறை ஆனதும் நிமிர்ந்து, “பொண்ணா பாக்குற நீ? எத்தினி தபா துன்னூறு கீதா நாமம் கீதான்னு பாத்துக்கினு?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

நல்ல பாதம் வைத்த ஒரு ஜோடி கிடைத்தது. ஆண், பெண் இரண்டுக்கும் கோடு மூக்குவரை திருத்தமாக இறங்குகிறது. யாராலும் குறை சொல்ல முடியாது. “சீக்கிரமா எட்துக்கினு போ சார். தண்ணி கொஞ்சம் வத்துச்சின்னா லாரிங்கோ வந்துரும். அப்பால தவளையும் கெடையாது, ஏரியும் கெடையாது” என்றார். ரயிலில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் நாஷ்டாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கொல்லையில் வைத்தால் காக்கை தூக்கிவிடும், கூடத்தில் வைத்தால் வெயில். வேறு இடமில்லை. மண் தொட்டியைத் தளிகை உள்ளில் வைத்திருக்கிறேன். அம்மா இருந்தால் என்னையும் தொட்டியையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பாள். நேற்று காலை தண்ணீர் மேல் முட்டை மிதந்தது.

எல்லாவற்றுக்கும் பாதம் இருக்கும். பார்த்துவிட்டு எழுதுகிறேன், நீயும் சொன்ன சொல்லை மறக்காதே.

தேவராஜன்

*

அமெரிக்கா
டிசம்பர் 20, 1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

தூக்குவாளிக் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. மறு கடிதம் இன்னும் வரவில்லை. இவ்வளவு நாளில் கால் முளைத்து வால் சுருங்கியிருக்க வேண்டும். நெற்றி தெரிந்திருக்க வேண்டும். நீ எழுதாததிலிருந்தே எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது.

எல்லாம் பாதம் வைத்தவையாக இருக்கட்டும் என்று நேற்று நான் வேண்டிக்கொண்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷம் படித்தவள் பெருமாளிடம் போய்த் தவளைக் குஞ்சு எப்படிப் பிறக்க வேண்டும் என்று கேட்கிறேன். உன்னோடு சண்டை போட்டு ஜெயித்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

ஜனவரி முடிவதற்குள் ஒரு வரி எழுது. எழுத மனசில்லை என்றால் எழுதாதே, உடம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டுமாவது தெரிவி.

அரவிந்தவல்லி

*

திருவள்ளூர்
ஜனவரி 8, 1974

சிரஞ்சீவி அரவிந்தவல்லிக்கு அநேக ஆசீர்வாதம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மார்கழிப் பனிக்கு வழக்கமான மூச்சுதான்.

முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் கண்ணாடிபோல் இருந்தன. குடல் வெளியே தெரியும். பாசித் தண்ணீர் வேண்டும் என்று கோயில் குளத்திலிருந்து தினமும் ஒரு சொம்பு கொண்டுவந்தேன். தீர்த்தம் கொண்டுபோகிறேன் என்று நினைத்து வழியில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் செத்தன. மிச்சம் வளர்ந்தன.

தளிகை உள்ளில் தொட்டி இருப்பதால் அங்கே புகை போடக் கூடாது. அதனால் இந்த இரண்டு மாதமாகப் பின்கட்டு அடுப்பில்தான் சமைத்துக்கொள்கிறேன். அந்த அடுப்பில் காற்று எதிர்த்து அடிக்கிறது. முதல் நாள் ஒரு ரசம் வைப்பதற்குள் கண் சிவந்து, இருமி இருமிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு வேளைக்கே இப்படி. அவள் ஒரு நாளும் அடுப்பைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. நானும் ஒரு நாளும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை.

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கரையேறிய குஞ்சுக்குப் பாதம் இருந்தது. இரண்டாவதுக்கும் இருந்தது. உனக்கு அப்போதே எழுதியிருப்பேன், இன்னும் சில ஏறட்டும் என்று காத்திருந்தேன். மறுநாள் ஏறியதை உள்ளங்கையில் வைத்து ஜன்னலோரம் கொண்டுபோனேன். வெறும் வளைவு. அப்பா இட்டுக்கொண்ட நாமம்போல் அப்படி ஒரு சுத்தமான வளைவு. தொட்டியில் வேறு தவளை இல்லை, அப்பனுக்கும் பாதம், அம்மாவுக்கும் பாதம். அன்று கல்லூரிக்குப் போகவில்லை.

பிறகு இரண்டு விதமும் மாறி மாறி வந்தன. ஒன்றுக்குப் பாதம் தொடங்கிப் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு அடி எதுவும் படவில்லை, என் கண் எதிரே பிறந்தது. இந்த மாதிரி எத்தனையை அடிபட்டவை என்று நான் ஏரியிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே தொட்டி ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எறும்பு போட்டால் எல்லாமும் ஒரே மாதிரிதான் வாயைத் திறக்கின்றன.

நாலு நாளைக்கு முன்பு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். இன்னொரு ஜோடி பிடித்து மறுபடி பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. பள்ளம் இல்லை. சமமாக மண் பரப்பி ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். துலுக்காணம் அங்கேதான் இருந்தார். தவளை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். குட்டி போட்டதா என்று கேட்டார், போட்டது என்றேன். “எல்லாம் ஆத்தா மேரி கீதா, நைனா மேரி கீதா?” என்றார். ரெண்டும்தான் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

விலங்கியல் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். 1969இல் தேவராஜன் என்பவர் புது இனம் என்று சொன்னது ஏற்கத் தக்கதல்ல என்று தேவராஜனே எழுதியிருக்கிறேன். புதுத் தலைவர் படித்துவிட்டு, எதற்கு சார் இதெல்லாம், யாரும் கேட்கவில்லையே என்றார். உன்னிடம் நான் கேட்டதும் அதைத்தான். உன் கை அந்தப் பெயரை வெட்ட வேண்டியதில்லை. என் பக்கத்தின் நகல் இதோடு இருக்கிறது, அதைப் பார்த்து எழுதிக்கொள்.

குஞ்சுகளைத் திருப்பாச்சூர் குளத்தில் விடுவதாக இருக்கிறேன். அவற்றுக்குப் போக வேறு ஊர் இல்லை. அங்கே உள்ளவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

தொட்டியை எடுத்த பிறகும் நான் பின்கட்டிலேயே சமைத்துக்கொள்வேன். மிளகு கூடப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி, ஒரே ரசம்தான்.

அட்டவணையில் அவள் பெயரைக் கீழே, சிறிய எழுத்தில் போடு. இனி அவளைத் தனியாக வைக்க வேண்டாம்.

உன் அண்ணா,
தேவராஜன்